ஈட்டியதும் ஈந்ததும்: தமிழ் முஸ்லிம்களின் தொழிலும் கல்வியும்

 

இந்தச் சொற்பொழிவு வரிசைக்கு அறக்கட்டளையின் நிறுவனர் மூன்று பொருள்களை வகுத்துத் தந்திருக்கிறார்: முஸ்லிம்களின் வரலாறு, பண்பாடு, வேலைவாய்ப்பு. வழக்கமாக முதல் இரண்டும் ஒரு மேடையிலும் மூன்றாவது வேறொரு மேடையிலும் பேசப்படுகின்றன. வரலாற்றுக் கருத்தரங்குக்கு வருபவர்களை வேலைவாய்ப்பு முகாமில் பார்க்க முடிவதில்லை. முகாமுக்கு வரும் இளைஞருக்குத் தம் பாட்டனார் செய்த தொழிலின் வரலாற்றை யாரும் சொல்வதில்லை. மூன்றையும் ஒரே உரையில் சேர்த்துப் பேசுங்கள் என்று கேட்டபோது நான் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றில் இந்த மூன்றும் பிரிந்து இருந்ததே இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழிலில் ஈட்டிய பொருளைக் கல்வியாகவும் கலையாகவும் மாற்றிய தலைமுறைகள் அடுத்த தலைமுறைக்கு வழி திறந்தன. அந்த மாற்றம் நடக்காத இடங்களில் வழி அடைபட்டது. கடந்த எழுநூறு ஆண்டு வரலாற்றிலிருந்து இதற்குச் சில சான்றுகளை உங்கள் முன் வைக்கிறேன். இன்று எந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது என்பதையும் அவற்றைக் கொண்டே பார்ப்போம்.

1. குதிரையும் கல்வெட்டும்

சோழமண்டலக் கரையை அரபு நூலாசிரியர்கள் மஅபர் என்று அழைத்தார்கள். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியப் பேரரசின் பெரிய துறைமுகம் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருந்த காயல். மார்க்கோ போலோ அதைத் தம் குறிப்புகளில் விரிவாகவே எழுதியிருக்கிறார். முத்து அங்கிருந்து போனது. குதிரை அங்கே வந்து இறங்கியது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்குப்படி, பாரசீக வளைகுடாவிலிருந்து ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் இந்தக் கரை உள்ளிட்ட இந்தியத் துறைமுகங்களுக்கு வந்தன. இந்த வணிகத்தோடு தொடர்புடைய தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனின் அமைச்சராகவும் இருந்தார். காயல் உள்ளிட்ட துறைமுகங்கள் அவர் பொறுப்பில் இருந்தன.

ஆண்டுதோறும் இத்தனை குதிரைகள் ஏன் தேவைப்பட்டன? மார்க்கோ போலோ சொல்லும் காரணத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். குதிரைக்கு லாடம் கட்டவும் நோய் பார்க்கவும் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. வந்த குதிரைகள் விரைவில் இறந்துபோயின. குதிரை விற்ற வணிகர்களோ அந்த வேலை தெரிந்தவர்களை இங்கே வரவிடாமல் பார்த்துக்கொண்டார்கள் என்றும் அவர் எழுதுகிறார். ஒரு பேரரசின் கருவூலம் ஆண்டுதோறும் கரைந்தது, ஒரு கைத்தொழில் தெரிந்த ஆள் இல்லாததால்! தொழிற்கல்வியின் அருமையைச் சொல்ல இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

அதே காலத்தின் இன்னொரு சான்று இராமநாதபுரத்தை அடுத்த திருப்புல்லாணியில் இருக்கிறது. அங்குள்ள பெருமாள் கோயிலின் பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று, பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் சோனகச் சாமந்தன் என்ற முஸ்லிம் தலைவர் பெயரால் அமைந்த பள்ளிவாசலுக்கு அரசன் கொடை வழங்கிய செய்தியைச் சொல்கிறது. பள்ளிவாசலுக்குத் தந்த கொடையைப் பெருமாள் கோயிலின் கல் சுமந்து நிற்கிறது. கடல் கடந்து வணிகம் செய்தவர்கள் இங்கே ஊரார் ஆகிவிட்டார்கள் என்பதையும், அவர்கள் ஈட்டிய பொருள் ஊரில் ஒரு நிலையான அமைப்பாக வேர்விட்டது என்பதையும் அந்தக் கல்வெட்டு உறுதி செய்கிறது. தமிழ் மண்ணில் முஸ்லிம்களின் வரலாறு படையெடுப்பில் தொடங்குகிறது என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். அவர்கள் திருப்புல்லாணிக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.

2. கப்பலும் காப்பியமும்

17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கீழக்கரையில் வாழ்ந்த பெருவணிகர் ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர். தமிழ்நாடு அவரை வள்ளல் சீதக்காதி என்று அறியும். சேதுபதி மன்னருக்கு மிக நெருக்கமானவர். டச்சுக் கம்பெனியோடும் ஆங்கிலக் கம்பெனியோடும் வணிகப் பேச்சு நடத்தியவர். ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்ற பழமொழியைப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். அவர் எதற்குக் கொடுத்தார் என்பதைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. கீழக்கரையில் கல்லால் பள்ளிவாசல் எழுப்பினார். அதன் தூண்களில் உருவங்கள் இல்லை; ஆனால் பூவும் கொடியும் செதுக்கிய உளி, திராவிடக் கோயில் தூண்களைச் செதுக்கிய மரபின் உளி. படிக்காசுப் புலவர் போன்றவர்களை ஆதரித்தார். நபிகள் நாயகத்தின் வரலாற்றைத் தமிழில் காப்பியமாகப் பாட வேண்டும் என்று எட்டயபுரத்து உமறுப் புலவரைத் தூண்டினார்.

உமறு, கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றவர். நபியின் வரலாற்றுச் செய்திகளை அரபு மூலங்களிலிருந்து எடுத்துச் சொல்ல மார்க்க அறிஞர் சதக்கத்துல்லா அப்பாவின் வழிகாட்டுதல் கிடைத்தது. ஆக, சீறாப்புராணம் உருவாக மூன்று வகை முதலீடு தேவைப்பட்டது: ஒரு சைவப் புலவரிடம் பெற்ற தமிழ், ஓர் ஆலிமிடம் பெற்ற அரபுச் செய்தி, ஒரு வணிகர் தந்த பொருள். காப்பியம் முடியும் முன்பே சீதக்காதி காலமாகிவிட்டார். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் முன்வந்து புலவரை ஆதரித்தார். நன்றி மறவாத உமறு அவர் பெயரைக் காப்பியத்தில் இடம்பெறச் செய்தார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள், மூன்று காண்டங்கள். அரபுப் பாலையில் நடக்கும் வரலாறு, தமிழ்க் காப்பியத்துக்கே உரிய நாட்டு வளமும் நகர் வளமும் பெற்று நம் முன் நிற்கிறது.

கதை அங்கே முடியவில்லை. சீறாப்புராணம் நபியின் வாழ்வை இறுதிவரை பாடவில்லை. எஞ்சியதைக் காயல்பட்டினம் பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறாவாகப் பாடினார். சீறா ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தது 1842இல். அதைப் பதிப்பித்தவர் செய்கப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம்; புலவர் நாயகம் என்று போற்றப்பட்டவர். ஒருவர் தொடங்க, ஒருவர் தாங்க, ஒருவர் நிறைவு செய்ய, ஒருவர் அச்சிட, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு தொடர்ந்த பணி இது. அறக்கட்டளை என்ற சட்டப் பதிவு அன்று இல்லை. அறத்தைக் கட்டளையாக ஏற்றுக்கொண்ட மனிதர்கள் இருந்தார்கள்.

கப்பல் போன இடமெல்லாம் எழுத்தும் போனது. பினாங்கில் காதர் மொகிதீன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கப்பித்தான் கெளிங் பள்ளிவாசல் இன்றும் நகரின் நடுவில் இருக்கிறது. சிங்கப்பூரில் மகதூம் சாயபு 1887இல் ‘சிங்கை நேசன்’ வார இதழைத் தொடங்கினார். கண்டியில் சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ நடத்தினார். 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ என்ற நாவலை வெளியிட்டார். தமிழ் நாவல் பிறந்த முதல் பத்தாண்டுகளுக்குள் வந்த படைப்பு அது. வணிகர்களும் வழக்கறிஞர்களும் அச்சுக்கூடம் வைத்த காலம் அது.

3. வீட்டுக்குள் இருந்த எழுத்து

இதுவரை ஆண்களைப் பற்றியே பேசினேன். பெண்கள் எங்கே இருந்தார்கள்?

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வீடு மகளுக்கு என்பது வழக்கம். திருமணத்துக்குப் பின் மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து தங்குவார். ஆண்கள் கொழும்புக்கும் பினாங்குக்கும் போய் ஆண்டுக்கணக்கில் திரும்பாத ஊர்களில் வீட்டை நடத்தியவர்கள் பெண்கள்தாம். இந்தப் பெண்கள் சிறுவயதிலேயே குர்ஆன் ஓதக் கற்றதால் அரபு எழுத்து அவர்களுக்குத் தெரியும். தமிழ் நெடுங்கணக்கு பலருக்குத் தெரியாது. இந்த இடைவெளியை அரபுத்தமிழ் நிரப்பியது. அரபு எழுத்தில் இல்லாத ட, ண, ள, ப போன்ற ஒலிகளுக்குக் கூடுதல் புள்ளிகளும் குறிகளும் இட்டு, தமிழை அரபு எழுத்திலேயே எழுதினார்கள். வலமிருந்து இடமாக ஓடும் வரிகள். வாய்விட்டுப் படித்தால் கேட்பது நல்ல தமிழ். மார்க்கச் சட்டம், மருத்துவம், நபிமார் வரலாறு, தாலாட்டு எல்லாம் இந்த எழுத்தில் இருந்தன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் 19ஆம் நூற்றாண்டில் இந்த எழுத்தில் பெரும்பணி செய்தவர். கடல் கடந்து போன கணவனுக்கு மனைவி எழுதிய கடிதங்களும் இந்த எழுத்தில்தான்.

இப்படிப் படித்த வீடுகளிலிருந்து பெண் படைப்பாளிகள் வந்தார்கள். கீழக்கரை ஆசியா உம்மா ஞானப் பாடல்கள் பாடினார். நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரைதான் படித்தார். மீதியை வீட்டிலேயே கற்றார். 1938இல் அவர் எழுதிய ‘காதலா கடமையா’ நாவலுக்கு உ.வே. சாமிநாதையர் முன்னுரை தந்தார். மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட ஒரு பெண்ணின் நூலுக்குத் தமிழ்த்தாத்தாவே முன்னுரை எழுதினார். அதை நினைக்கும்போது பெருமை வருகிறது. கூடவே வருத்தமும் வருகிறது. மூன்றாம் வகுப்பில் நிறுத்தப்பட்டுப் பேனாவைத் தொடாமலே போன பெண்கள் எத்தனை பேர்? சொத்து மகளுக்கு என்று உறுதியாக நின்ற அதே சமூகம், பள்ளிக்கூடமும் மகளுக்கு என்று சொல்ல ஏன் இத்தனை காலம் எடுத்துக்கொண்டது? இந்தக் கேள்வியை வெளியார் கேட்பதற்கு முன் நாமே நம் வீட்டில் கேட்க வேண்டும்.

4. தோல் வணிகமும் கல்லூரியும்

20ஆம் நூற்றாண்டில் ஈட்டமும் ஈகையும் வேறு வடிவம் எடுத்தன. வடாற்காட்டில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் முஸ்லிம் குடும்பங்களின் கையில் வளர்ந்தது. ஆவாரம்பட்டையை ஊறவைத்த தொட்டிகளில் நாள் கணக்கில் கிடந்து பதமான தோல், சென்னை பெரியமேட்டுக்கு வந்து, அங்கிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறியது.

அந்தப் பணம் கட்டடங்களாக மட்டும் நின்றுவிடவில்லை. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் கல்லூரியாக உயர்ந்தது. உமராபாத்தில் காக்கா முகம்மது உமர் 1924இல் ஜாமிஆ தாருஸ்ஸலாமைத் தொடங்கினார். நாடு விடுதலை பெற்ற பின் இந்த வேகம் கூடியது. 1951இல் சென்னையில் புதுக்கல்லூரி. அதே ஆண்டு திருச்சியில் ஜமால் முகமது கல்லூரி. தோல் வணிகர் ஜமால் முகமதுவும் திருச்சி காஜாமியான் ராவுத்தரும் சேர்ந்து உருவாக்கிய கல்லூரி அது. 1955இல் நீதிபதி பஷீர் அகமது சயீத் சென்னையில் பெண்களுக்காக எஸ்.ஐ.இ.டி. கல்லூரியைத் தொடங்கினார். அதிராம்பட்டினம், உத்தமபாளையம், மேல்விஷாரம், இளையாங்குடி, பாளையங்கோட்டை என்று அடுத்த இருபது ஆண்டுகளில் ஊருக்கு ஊர் கல்லூரி எழுந்தது.

இந்தக் கல்லூரிகளின் வகுப்பறைகளைப் பாருங்கள். எல்லாச் சாதி, எல்லாச் சமய மாணவர்களும் அங்கே படிக்கிறார்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக அவற்றிலிருந்து வெளியே வந்தவர்களில் முஸ்லிம் அல்லாதவர்கள் ஏராளம். திருப்புல்லாணிக் கல்வெட்டுக்கு இந்தச் சமூகம் செலுத்திய கைம்மாறு என்றே இதை நான் கருதுகிறேன்.

ஆய்வுத் துறையிலும் ஒரு வாசல் திறந்தது. இலங்கை அறிஞர் ம.மு. உவைஸ், தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் செய்த தொண்டை ஆராய்ந்து, அதுவரை சில நூல்களோடு நின்ற பட்டியலைப் பெருங்கடலாக விரித்துக் காட்டினார். 1973இல் திருச்சியில் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு கூடியது. பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென ஓர் இருக்கை அமைந்தபோது உவைஸ் அதில் அமர்ந்தார். ஆய்வாளர் அஜ்மல்கானோடு சேர்ந்து இலக்கிய வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதினார். ஓர் இருக்கையால் ஒரு துறையே உருவாகும் என்பதற்கு இது சான்று.

5. இன்றைய கணக்கு

இனி இன்றைய நிலைக்கு வருவோம். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 விழுக்காடு. மாநில சராசரி 73.5. கடற்கரை மதரஸாக்களும் வாணியம்பாடி வகுப்பறைகளும் தந்த பலன் இது. இந்திய அளவில் நிலைமை வேறு. 2006இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கையின்படி நாட்டு முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 விழுக்காடு, நாட்டின் சராசரி 65.1. இருபது வயதைக் கடந்தவர்களில் பட்டமோ பட்டயமோ பெற்றவர்கள் மக்கள்தொகையில் ஏறத்தாழ 7 விழுக்காடு; முஸ்லிம்களில் 4 விழுக்காட்டுக்கும் குறைவு. அதே அறிக்கையின்படி அன்று இந்திய ஆட்சிப் பணியில் முஸ்லிம்கள் 3 விழுக்காடு, வெளியுறவுப் பணியில் 1.8, காவல் பணியில் 4.

தமிழக அரசு 2007இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு தந்தது. அது பல குடும்பங்களுக்குக் கதவைத் திறந்திருக்கிறது. மறுபுறம், சிறுபான்மையினரான முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு ஒன்றிய அரசு வழங்கிவந்த மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகை 2022இல் நிறுத்தப்பட்டது. அரசு ஒரு கையை விலக்கிக்கொள்ளும்போது சமூகம் தன் கையை நீட்டவேண்டிய காலம் இது.

நம் ஊர்களில் இன்னொரு நிலையும் உண்டு. 1970களுக்குப் பின் வளைகுடா நாடுகள் பெருவாரியாக வேலை தந்தன. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் பாஸ்போர்ட் எடுப்பது பல குடும்பங்களில் வழக்கமானது. வந்த பணத்தில் வீடு உயர்ந்தது, தங்கைக்குத் திருமணம் ஆனது. அந்த உழைப்பை நான் வணங்குகிறேன். ஆனால் அந்தப் பணத்தில் எவ்வளவு கல்வியாக மாறியது என்று ஒவ்வொரு குடும்பமும் கணக்குப் பார்க்க வேண்டும்.

ராமேஸ்வரத்தில் படகு வைத்திருந்த ஜைனுலாப்தீன் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அவர் மகன் அப்துல் கலாம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர வேண்டியபோது கட்டணத்துக்குப் பணம் இல்லை. அக்கா ஜோஹ்ரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் கலாம் இதை நன்றியோடு பதிவு செய்திருக்கிறார். பெண்களின் நகை ஆண்களின் பட்டமாக மாறிய வீடுகள் ஆயிரம். இனி அந்த நகை பெண்ணின் பட்டமாகவும் மாற வேண்டும். கேரளத்துப் பத்தனம்திட்டாவில் மீரா சாகிபு, நீதிபதி அன்னா சாண்டியைப் பார்த்துத் தம் மகளையும் சட்டம் படிக்கச் சொன்னார். அந்த மகள் பாத்திமா பீவி 1989இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். பிறகு தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தார். ஒரு தகப்பனாரின் ஒரு முடிவு எவ்வளவு தூரம் போகும் என்று பாருங்கள்.

6. செய்யத்தக்கவை

மாணவர்களே, உங்கள் வேலைவாய்ப்பை இந்த வரலாற்றிலிருந்தே தேடலாம்.

தோல் தொழில் கல்லூரிகளைத் தந்தது. பாலாற்றைக் கெடுக்கவும் செய்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர்ப் பகுதித் தொழிற்சாலைகளின் மாசு குறித்து அளித்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்திலேயே ஒரு திருப்பம். கழிவுநீரைத் தூய்மை செய்யும் பொறியாளர்கள், தோல் வேதியியலாளர்கள், சுற்றுச்சூழல் வழக்கறிஞர்கள் அந்த ஊர்ப் பிள்ளைகளிடமிருந்தே வர வேண்டும். 1948 முதல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆம்பூரிலிருந்து அது சில மணி நேரப் பயணம்தான்.

பத்தமடைக்குப் போய்ப் பாருங்கள். கோரையை அறுத்து, காயவைத்து, கத்தியால் மயிரிழையாகக் கீறி, ஓடும் நீரில் ஊறவைத்து, மறுபடி காயவைத்து, சாயமேற்றி, பருத்தி நூல் பாவில் ஒவ்வோர் இழையாகக் கோத்து நெய்கிறார்கள் லெப்பைப் பெண்கள். பட்டுப்போல் மடியும் பாய் அது. 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நெய்பவரின் வருமானம் அந்தக் குறியீட்டின் புகழுக்கு ஈடாக உயர வேண்டுமானால், வடிவமைப்பும் ஏற்றுமதியும் கணக்கியலும் படித்த மகள்கள் அந்த வீடுகளிலிருந்து வர வேண்டும். தாயின் கைத்திறனை இழிவாக எண்ணாமல், அதற்கு உரிய விலை பெற்றுத்தரும் படிப்பாக உங்கள் படிப்பு இருக்கட்டும்.

துறைமுகம், கடல்சார் சட்டம், சரக்குப் போக்குவரத்து ஆகியவை மரைக்காயர் பேரர்களுக்கு உரிய துறைகள். அரபு படித்தவர்களுக்கு மொழிபெயர்ப்பும் ஆவணக் காப்பும் காத்திருக்கின்றன. அரபும் தமிழும் ஒருசேரத் தெரிந்த மதரஸா மாணவருக்கு ஈடான ஆய்வாளரை எந்தப் பல்கலைக்கழகமும் எளிதில் தேடிப்பிடிக்க முடியாது. ஆலிம் பட்டத்தோடு கல்வெட்டியலும் சுவடிக் காப்பும் கற்றால் அவர் கையில் ஒரு துறையே இருக்கும்.

பல்கலைக்கழகத்துக்கும் அறக்கட்டளைக்கும் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, பரண்களில் செல்லரித்துவரும் அரபுத்தமிழ் ஏடுகளையும் கல்லச்சு நூல்களையும் கடிதங்களையும் குடும்பத்தாரின் இசைவோடு படமெடுத்துக் காக்கும் பணியை மாணவர்களைக் கொண்டு தொடங்குங்கள். அதற்கு ஊதியமும் கொடுங்கள். அது வரலாற்றுப் பணி, அதுவே வேலைவாய்ப்பும் ஆகும். இரண்டாவது, குடும்பத்தில் முதன்முதலாக ஆய்வுக்கு வரும் முஸ்லிம் பெண்களுக்கு இந்த அறக்கட்டளையின் வட்டியிலிருந்து ஆண்டுதோறும் ஓர் உதவித்தொகை ஒதுக்குங்கள். மூன்றாவது, இந்தச் சொற்பொழிவை வளாகத்துக்குள் நிறுத்தாதீர்கள். அடுத்த ஆண்டு பத்தமடையில் நடத்துங்கள், அதற்கடுத்த ஆண்டு ஆம்பூரில் நடத்துங்கள். நெசவுப் பெண்களும் தோல் தொழிலாளர்களும் முன்வரிசையில் அமரட்டும். அவர்கள் பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும்.

சீதக்காதி தொடங்கியதை அபுல் காசிம் தாங்கினார். அபுல் காசிம் தாங்கியதைப் பனீ அகமது நிறைவு செய்தார். இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியவர் தம் பங்கைச் செய்துவிட்டார். இனி நீங்கள் படித்து ஈட்டுங்கள். ஈட்டியதில் ஒரு பங்கை இன்னொரு பிள்ளையின் படிப்புக்குக் கொடுங்கள். இதைச் செய்வதற்குப் பெருவணிகராக இருக்க வேண்டியதில்லை. முதல் மாதச் சம்பளத்திலிருந்தே தொடங்கலாம்.